அசையாக் கல்லும் அசையும் நிலமும்



பெங்களூரில் வந்து குடியேறிய நம்மவருள் லால்பாக் பூங்காவைக் காணாதவர் இரார். அங்கே கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரத்தைத் தலையில் தாங்கி நிற்கும் பெரும்பாறையின்மீது ஏறி ஓடாத பிள்ளைகளும் இரார். அப்பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்று நிலவியல் அறிஞர் கூறுகின்றனர். இமயமலை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அது இருந்தது. உறுதிக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல் என்றால், யாரும் அதனைத்தான் சுட்டிக் காட்டுவர்.

ஆயினும் அப்பாறை ஓரிடத்தில் நிற்பதன்று. அதுவும், அதன்மேல் அமைந்த இந்நகரும், நம் வீடுகளும் ஆண்டுதோறும் ஐந்து செ.மீ.க்குச் சற்று மிகுதியாக வடகிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிட இது சிறிதளவே மிகுதி. இருபது ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் குடிபுகுந்த ஒரு குடும்பம், வீட்டையே மாற்றாமல் இருந்திருப்பினும், இன்று ஒரு மீட்டருக்கு மேல் இடம்பெயர்ந்திருக்கின்றது!

கண்ணுக்குத் தெரியாத இந்நகர்வை எவ்வாறு அளந்தார்கள்? அளந்து பெறும் பயன் யாது? இந்தத் திங்கள் இவ்விரு வினாக்களையும் எடுத்துக்கொள்வோம். விடையின் ஒரு பகுதி வானில் இருக்கின்றது. மற்றொரு பகுதி இந்நகரிலேயே இருக்கின்றது.

பழைய அளவை

நிலத்தை நுட்பமாக அளக்கும் பணி நமக்குப் புதியதன்று. ஸ்ரீரங்கப்பட்டினம் 1799-ஆம் ஆண்டு வீழ்ந்த பின்னர், வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, தென்னாட்டை முக்கோண முறையில் அளக்கும் திட்டம் ஒன்றை வகுத்தார். 1800-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூருக்கு அருகே ஏழு மைலுக்குச் சற்று மிகுதியான ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். பின்னர் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே மற்றோர் அடிக்கோட்டைத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளந்து முடிக்க 57 நாள்கள் பிடித்தன. சங்கிலி வெயிலில் நீளும், குளிரில் குறுகும். ஆகவே அதனைப் பெட்டிகளில் தாங்கி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் கணக்கிட்டு அளந்தார்கள்.

மலை இல்லாத காவிரிச் சமவெளியில் கோயிற் கோபுரங்களே அளவை மேடைகளாயின. தஞ்சைப் பெரிய கோயிலில் 1808-ஆம் ஆண்டு, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே ஏற்றும்பொழுது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதனைக் கைவிடவில்லை. ஆறு வாரம் தனித்திருந்து, வளைந்த வட்டத்தை இம்மி இம்மியாகச் சீர்செய்து மீண்டும் பணியைத் தொடர்ந்தார்.

லாம்டன் பெயரை நூல்கள் போற்றுகின்றன, போற்றத் தக்கவரே. ஆனால் அவ்வரை டன் கருவியைக் காடும் மேடும் கடந்து சுமந்தவர் யார்? குன்றுகளின் உச்சியில் கொடி பிடித்து வெயிலில் நின்றவர் யார்? காய்ச்சலில் மாண்டவர் எத்தனை பேர்? அவர்களுள் மிகப் பலருக்குப் பெயரே எஞ்சவில்லை. அவர்கள் இன்றி ஒரு முக்கோணமும் வரையப்பட்டிராது என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

வானிலிருந்து வரும் அளவுகோல்

இன்று கொடி பிடிக்கும் வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. ஜி.பி.எஸ். என்னும் அமெரிக்க அமைப்பின் கோள்கள், தரையினின்றும் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில், நாளைக்கு இருமுறை உலகைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "இன்ன கணத்தில், இன்ன இடத்திலிருந்து அனுப்புகின்றேன்" என்று அது வானொலி அலை வழியே இடைவிடாது அறிவிக்கும். அந்த அலை வந்து சேரப் பிடித்த காலத்தைக் கொண்டு கோளின் தொலைவைக் கருவி கணிக்கின்றது. கருவியின் கடிகாரப் பிழையையும் சேர்த்து நீக்க வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும்.

இங்கேதான் நுட்பம் தொடங்குகின்றது. ஒளி ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில் 300 மீட்டர் ஓடிவிடும். காலத்தில் அவ்வளவு சிறிய பிழை நேர்ந்தாலும், அல்சூரில் இருப்பவரை அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நம் கைபேசி காட்டும் இடத்தில் சில மீட்டர் வேறுபாடு இருப்பது இயல்பு. வாடகை வண்டிக்காரர் வீட்டைக் கண்டுபிடிக்க அது போதும். ஆண்டுக்கு ஐந்து செ.மீ. நகரும் நிலத்தை அளக்கப் போதாது.

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழியை மேற்கொள்கின்றனர். செய்தியைச் சுமந்துவரும் அலைக்கே ஒரு நீளம் உண்டு; அதன் முதல் அலைவரிசையில் அது ஏறத்தாழ 19 செ.மீ. அந்த அலையின் முழு எண்ணிக்கையையும் மீந்த பின்னத்தையும் கணிக்கும் கருவி, மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க முடிகின்றது. வானின் மேலடுக்கிலுள்ள மின்னேற்றத் துகள்கள் அலையைத் தாமதப்படுத்தும். அத்தாமதம் அலைவரிசைக்கு ஏற்ப மாறும். எனவே இரண்டு அலைவரிசைகளை ஒருங்கே கேட்டு அப்பிழையைக் களைகின்றார்கள். காற்றிலுள்ள நீராவியும் தாமதம் செய்யும். அதனையும் கணக்கிட்டு நீக்குகின்றார்கள்.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று வேண்டும். தராசில் ஒருபக்கம் பொருள் வைத்தால் மறுபக்கம் படிக்கல் வேண்டுமல்லவா? அதுபோல, அளக்கும் இடத்திற்கு ஒரு கருவியும், நன்கு அறிந்த உறுதியான இடத்தில் மற்றொரு கருவியும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். இரண்டிற்கும் பொதுவான பிழைகள் கழிந்துபோகும். அவ்வாறான படிக்கல் ஒன்று நம் பெங்களூரில் இருக்கின்றது.

பெங்களூர் என்னும் படிக்கல்

1909-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தை நாம் அறிவோம். அதன் வளாகத்தில் ஒரு ஜி.பி.எஸ். அளவை நிலையம் உண்டு. உலக நாடுகள் கூடி நடத்தும் நிலையத் தொடரில் அதுவும் ஒன்று. அங்கே உள்ள ஆன்டெனாவைக் கண்டவர் அதனைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடக்கூடும். ஆனால் இந்தியத் தட்டின் நகர்வைப் பற்றி உலகில் எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றில் அதன் பெயர் இடம்பெறுகின்றது.

அமெரிக்க விஞ்ஞானிகளும், பெங்களூர் சி-மாக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த விநோத் கௌர், ஸ்ரீதேவி ஜேட் முதலிய அறிஞர்களும் இணைந்து, 1991 முதல் 1995 வரை பெங்களூரிலும் நேபாளத்தில் மூன்று இடங்களிலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு 1996-ஆம் ஆண்டு வெளியிட்டனர். 1988-ஆம் ஆண்டு தொடங்கிய அந்நிறுவனம், இங்குள்ள வானூர்தி ஆய்வுக்கூட வளாகத்தில் இருக்கின்றது. பின்னர் அதன் பெயர் மாற்றப்பட்டது.

அதே அறிஞர் குழாம் மற்றொரு பணியும் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முக்கோண அளவையார் தென்னாட்டில் நிறுவிய பழைய குறிகள் சிலவற்றைத் தேடிக் கண்டு, அவற்றின்மேல் புதிய கருவியை வைத்து அளந்தது. 1864-ஆம் ஆண்டின் அளவையும் 1994-ஆம் ஆண்டின் அளவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபொழுது, 130 ஆண்டுகளில் தென்னாட்டின் நிலம் குறிப்பிடத்தக்க அளவில் நீளவோ சுருங்கவோ இல்லை என்பது புலனாயிற்று. தென்னாடு முழுதும் ஒரே பலகைபோல் நகர்கின்றது. ஆதலால் பெங்களூர் ஒன்றின் நகர்வை அறிந்தால் அப்பலகையின் நகர்வையே அறிந்ததாகும்.

இதனால், "நமக்கு நிலநடுக்கமே இல்லை" என்று கருதிவிடலாகாது. இதே தீபகற்பத்தில்தான் 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் லாத்தூர்ப் பகுதி நடுங்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உறுதி மிகுந்த இடம் என்று சொல்லலாமேயன்றி அச்சமற்ற இடம் என்று சொல்வதற்கில்லை.

இமயத்தின் கணக்கு

தென்பலகை வடக்கே நகர்ந்தால் எங்கேயோ முட்ட வேண்டுமன்றோ? இமயத்தில் முட்டுகின்றது. 1997-ஆம் ஆண்டு வெளிவந்த ஜி.பி.எஸ். அளவுகளின்படி, நேபாள இமயத்தின் குறுக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நெருக்கம் நிகழ்கின்றது. அடியிலுள்ள பாறைகள் உராய்வினால் பூட்டிக்கொண்டிருப்பதால் அந்நெருக்கம் வில்லில் ஏற்றிய நாண்போல் சேர்ந்துகொண்டே போகின்றது. நூறு ஆண்டுகளில் அது ஏறத்தாழ 1.8 மீட்டர் ஆகும். ஒருநாள் பூட்டு விடுபடும்.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளத்தில் அது விடுபட்டது. 7.8 அளவுள்ள அந்நடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். காட்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்ததையும், நிலம் மேலெழுந்ததையும் அங்கே நிறுவியிருந்த ஜி.பி.எஸ். கருவிகள் நொடிக்கு நொடி பதிந்தன.

நாளும் நேரமும் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இக்கருவியால் இயலாது. எக்கருவியாலும் இன்றுவரை இயலவில்லை. அவ்வாறு சொல்வோர் பேச்சை நம்பிப் பீதியடைய வேண்டா. ஆனால் எப்பகுதியில் எவ்வளவு நெருக்கம் சேர்ந்திருக்கின்றது என்பதைச் சொல்ல இயலும். பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் அணையையும் எங்கே, எவ்வளவு உறுதியாகக் கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு அந்தக் கணக்கு வேண்டும்.

கடல் கற்பித்தது

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளைத் தமிழர் எவரும் மறக்க முடியாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் சங்கத்துக் குடும்பங்களுள் கடற்கரையில் உற்றார் உறவினர் உள்ளோர் அன்று பட்ட பாட்டை எழுத்தில் வடிக்கவொண்ணாது.

அந்நடுக்கம் சுமத்திராவிலிருந்து அந்தமான்வரை கடலடி நிலத்தைப் பிளந்து சென்றது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் முன்னரே அளந்து வைத்திருந்த குறிகளை இந்திய விஞ்ஞானிகள் மீண்டும் அளந்தனர். இடத்திற்கு இடம் வேறுபட்டு, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முதல் ஆறரை மீட்டர் வரை தீவுகள் மேற்கு, தென்மேற்குத் திசையில் நகர்ந்திருந்தன. பல இடங்களில் நிலம் தாழ்ந்து கடல்நீர் உட்புகுந்திருந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். நடுக்கத்திற்குப் பின் எடுத்த அளவு ஒன்றினால் மட்டும் இவ்வுண்மை தெரிந்திராது. அதற்கு முன்னர், ஒருவரும் கவலைப்படாத அமைதியான ஆண்டுகளில், எவரோ படகேறிச் சென்று, பாறையில் ஆணி அறைந்து, அதன்மேல் கருவி வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னளவு இல்லையேல் பின்னளவுக்குப் பொருள் இல்லை.

ஜப்பானியர் இதனை நன்கு உணர்ந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை அவர்கள் நாடெங்கும் நிறுவியிருந்தனர். ஆயினும் 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், அதிர்வு காட்டும் கருவிகளைக் கொண்டு முதலில் 7.9 என்று அறிவித்த நடுக்கம், உண்மையில் 9.0 என்று பின்னரே தெளிவாயிற்று. கடற்கரையோ ஐந்து மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது. பேரளவு நடுக்கத்தில் அதிர்வுக் கருவி தடுமாறும் இடத்தில், இடநகர்வைக் காட்டும் கருவி சில நிமிடங்களில் உண்மை அளவை நெருங்க உதவும். கடலோர மக்களுக்கு அச்சில நிமிடங்களே உயிர்.

துணை நிற்போர்

இத்தகைய ஆராய்ச்சிக்குத் துணை நிற்பது எப்படி? கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உளர். போதாது.

களத்தில் நடப்பதைப் பாருங்கள். பாறையில் பதித்த ஆணியின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே, முக்காலியில் ஆன்டெனாவை நிறுத்த வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடிப்பதுபோலவே, அதைவிடப் பன்மடங்கு கவனத்துடன் நேர்செய்ய வேண்டும். ஆணியிலிருந்து ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து ஏட்டில் எழுத வேண்டும். அந்த ஓர் எண் தவறினால், பல நாள் உழைப்பும் வீண். பின்னர் இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் கருவி இடையறாது இயங்க வேண்டும். மின்சாரம் இல்லாத மலையுச்சிக்கு மின்கலத்தைத் தோளில் சுமந்து செல்ல வேண்டும். மழை, குரங்கு, மாடு, வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஆகிய எல்லாவற்றினின்றும் முக்காலியைக் காக்க வேண்டும். ஆண்டுகள் சென்றபின் அதே ஆணியைத் தேடி வந்து, அதே பணியை அதே கவனத்துடன் செய்ய வேண்டும்.

கருவியோ விலை மிக்கது. ஆண்டு முழுதும் ஓர் ஆய்வாளருக்குத் தேவைப்படுவதும் அன்று. நம் ஊர்களில் திருமணத்திற்கு வேண்டிய பெரிய அண்டாக்களையும் தவலைகளையும் ஒவ்வொரு வீட்டிலுமா வைத்திருந்தார்கள்? ஊர்ப் பொதுவில் வாங்கி வைத்து, வேண்டியவர்க்கு வேண்டியபொழுது கொடுத்தார்கள். அதே முறையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1984-ஆம் ஆண்டு யுனாவ்கோ என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. கருவிகளைப் பொதுவில் வைத்து ஆய்வாளர்க்கு வழங்குதல், கையாளக் கற்பித்தல், களத்தில் பழுது நேர்ந்தால் உதவுதல், பெற்ற அளவுகளை எல்லார்க்கும் பயன்படுமாறு காத்தல் ஆகியவை அதன் பணிகளாயின. 2023-ஆம் ஆண்டு அது நில அதிர்வு ஆய்வுக்கான மற்றொரு கூட்டமைப்புடன் இணைந்து எர்த்ஸ்கோப் என்னும் பெயரைப் பெற்றது. பாத்திரத்தைப் போலவே, கருவியைவிட அதனைத் துலக்கி, எண்ணி, திரும்பப் பெற்று வைக்கும் கைகளே அங்கும் முதன்மையானவை.

நம் நாட்டிலும் முயற்சிகள் வளர்ந்துள்ளன. இந்திய நில அளவைத் துறை, இடைவிடாது இயங்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவியிருக்கின்றது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ, 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நம் சொந்த வழிகாட்டும் அமைப்பின் முதற்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அவ்வமைப்பைக் கண்காணிக்கும் நடுவம் இந்நகரை அடுத்த பியாலாலுவில் உள்ளது. 2023-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் ஏவிய கோளில், நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் அணுக்கடிகாரம் இடம்பெற்றது. நொடியைப் பிறரிடம் கடன் வாங்காமல் நாமே எண்ணத் தொடங்கிவிட்டோம் என்பதில் நாம் மகிழலாம்.

நாம் செய்யத்தக்கது

"இவையெல்லாம் விஞ்ஞானிகள் பாடு, குடும்பத்தாராகிய நமக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் பங்கு உண்டு.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்கின்றோம். குன்றின்மேல் உள்ள கோயிலுக்கு அருகே, பாறையில் பதித்த பித்தளை ஆணியோ, அம்பு செதுக்கிய கல்லோ, சிறு மேடையோ கண்ணில் படலாம். அதனைப் பெயர்க்கவோ, அதன்மேல் சுண்ணாம்பு பூசவோ, அருகில் உள்ளவர் செய்ய முற்பட்டால் வாளா இருக்கவோ வேண்டா. நூறாண்டுக்கு முன் ஒருவர் வியர்வை சிந்தி வைத்த குறி அது. நூறாண்டுக்குப் பின் வருபவர்க்கு வேண்டிய குறியும் அதுவே. மனை விற்பவரின் இயந்திரம் ஒரு நாழிகையில் அகற்றிவிடும் அக்கல்லை, எத்தனை கோடி செலவிட்டாலும் அதே முன்னளவுடன் மீண்டும் படைக்க இயலாது. பிள்ளைகளுக்கு அதனைக் காட்டி, அது யாது என்று சொல்லுங்கள்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து மேல்மாடியையோ, சிறிது மின்சாரத்தையோ, இரவு காவலுக்கு ஓர் ஆளையோ ஆய்வாளர் வேண்டினால் மறுக்காதீர்கள். அதனைக் கொடுத்தவரும் அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டவரே.

இன்னும் ஒன்று. இந்நகரில் நம் பிள்ளைகள் பலர் பொறியியல் கற்றுக் கணினி அலுவலகங்களை நாடுகின்றனர், அது குற்றமன்று. ஆனால் ஒரு மகனோ மகளோ, "நான் மலையேறி நிலம் அளக்கப் போகின்றேன்" என்று சொன்னால், "இதற்கா படித்தாய்?" என்று கேட்டு அவர்கள் மனத்தை மடக்கிவிடாதீர்கள். பத்து ஆண்டு பொறுத்திருந்து ஐந்து விரற்கடை நகர்வை அளப்பவர்க்கு ஊதியம் குறைவாக இருக்கலாம். புகழும் தாமதமாக வரலாம். அடுத்த பேரலை எழும் நாளில், நாகையிலோ கடலூரிலோ இருக்கும் நம் உறவினர்க்கு மேட்டுக்கு ஓடச் சில நிமிடங்கள் கிடைக்குமானால், அந்நிமிடங்களைச் சேர்த்து வைத்தவர்களுள் அவரும் ஒருவராக இருப்பார்.